வாசலில் மோஷன் சென்சார்: கேமராவோடு இணைத்து, பொய் அலாரம் இல்லாமல் ஓட வைப்பது எப்படி?

ஒரே இரவில் நாற்பது முறை "அசைவு கண்டறியப்பட்டது" என்று போன் கத்தினால், நாலாம் நாள் அந்த அறிவிப்பை அணைத்துவிடுவோம். அதன்பிறகு கேமரா நமக்குக் காவல் இல்லை. திருட்டு போனதைக் காலையில் படமாகப் பார்க்கத்தான் உதவும். வெளியில் மோஷன் சென்சார் வைப்பது இதை மாற்றுவதற்காகத்தான். இரவு முழுக்கச் சத்தமே வரக்கூடாது. ஆள் நுழைந்தால் மட்டும் ஒரே ஒரு தடவை வரவேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த அளவுகோலை வைத்தே பாருங்கள்.

விளக்குவதற்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, நாற்பதுக்கு அறுபது அடி. தெருப்பக்கம் 5 அடி காம்பவுண்டு சுவர், 12 அடி கிரில் கேட், கார் நிற்கும் போர்டிகோ. வீட்டின் இடதுபக்கம் 4 அடிச் சந்து. பின்பக்கம் துணி துவைக்கும் கல், மோட்டார், ஒரு தென்னை. நாலு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான ஒரு டி.வி.ஆரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டு ஊர்களில் பலரின் வீடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கேமராவே அசைவைக் கண்டுபிடிக்கிறதே, சென்சார் எதற்கு?

கேமராவும் டி.வி.ஆரும் ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. புள்ளிகள் மாறியிருந்தால் அதற்குப் பெயர் அசைவு. மழைத்துளி, தென்னங்கீற்றின் நிழல், தெருவில் திரும்பும் பைக்கின் ஹெட்லைட் எல்லாமே அதன் கணக்கில் அசைவுதான். இதில் மோசமானது சிலந்தி வலை. லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு நூல் இருந்தால் போதும். கேமராவின் இரவு விளக்கு பட்டு, திரையில் வெள்ளைக் கயிறு மாதிரித் தெரியும். காற்றில் அது ஆட ஆட அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்.

புதிய மாடல்களில் மனிதரையும் வாகனத்தையும் பிரித்தறியும் வசதி உண்டு. இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள், பொய் அலாரம் நன்றாகக் குறையும். ஆனால் அதுவும் படத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆள் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தாலோ, கொட்டும் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக் குனிந்து வந்தாலோ தவறவிடும்.

நாம் வைக்கப்போகும் பி.ஐ.ஆர் (வெப்பக் கதிரை உணரும்) சென்சார் படமே எடுப்பதில்லை. அது பார்ப்பது வெப்பத்தை. மனித உடம்பிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிர் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் வலுவாக இருக்கும். சென்சாருக்குள் இரண்டு சின்னப் பட்டைகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் விழுந்தால் ஒன்றையொன்று கழித்துவிடும். முதலில் ஒன்றிலும் அடுத்து இன்னொன்றிலும் விழுந்தால் சிக்னல் பிறக்கும். முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ், முற்றத்தை விசிறி மடிப்பு போலப் பல கீற்றுகளாகப் பிரித்து அந்தப் பட்டைகளுக்குக் காட்டுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீற்றுகளைக் குறுக்கே கடப்பவரை சென்சார் உடனே பிடிக்கும். சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவர் ஒரே கீற்றுக்குள்ளேயே வருவதால், ரொம்ப நெருங்கிய பிறகுதான் பிடிக்கும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. ஆகவே வீட்டுக்குள் வைத்துக் கண்ணாடி வழியாக வாசலைப் பார்க்க வைக்க முடியாது. இதெல்லாவற்றையும்விட நம் ஊரில் முக்கியமானது ஒன்று உண்டு: சென்சாருக்குத் தேவை வெப்பம் அல்ல, வெப்ப வித்தியாசம். சித்திரை மாதச் சாயங்காலம் ஏழு மணிக்கு சிமென்ட் தரையும் சுவரும் நம் தோலின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போது 12 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் சென்சார், அதில் பாதித் தூரத்தில்கூட ஆளைத் தவறவிடலாம். மார்கழி விடியற்காலையில் அதே சென்சார் தெருவில் போகிறவரையும் பிடிக்கும். பல சென்சார்களில் இதை ஈடுகட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் முழுதாக ஈடாகாது.

எதை வாங்குவது

கடையில் மூன்று சாமான்கள் "மோஷன் சென்சார்" என்ற ஒரே பெயரில் கிடைக்கும். குழம்பிவிடாதீர்கள்.

ஒன்று, 230 வோல்ட்டில் ஓடும் லைட் சென்சார். பிரவுன், நீலம், சிவப்பு என மூன்று வயர் வெளியே வரும். போர்டிகோ விளக்கைப் போட்டு அணைக்க அது போதும். டி.வி.ஆரோடு இணைக்க அது இல்லை. அதன் சிவப்பு வயரில் வருவது வீட்டு மின்சாரம், அதை டி.வி.ஆரின் அலாரம் முனையில் மாட்டினால் டி.வி.ஆர் எரிந்துபோகும், தொட்ட ஆளுக்கும் ஆபத்து.

இரண்டு, 12 வோல்ட் உட்புற அலாரம் சென்சார். விலை குறைவு என்று இதையே வெளியில் மாட்டிவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. வெயில், அனல்காற்று, பூச்சி எதற்கும் அது தயாரிக்கப்படவில்லை. சன்ஷேடுக்கு அடியில் மாட்டினாலும் தொல்லைதான்.

மூன்று, 12 வோல்ட் வெளிப்புற சென்சார். உங்களுக்குத் தேவை இதுதான். உறையில் ஐ.பி 54 (தூசையும் தண்ணீரையும் எந்த அளவு தாங்கும் என்று சொல்லும் எண்) அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும். சாரல் நேராக அடிக்கும் சுவர் என்றால் ஐ.பி 65. இதிலும் இரண்டு வகை. ஒரு வகையில் மேலும் கீழுமாக இரண்டு பி.ஐ.ஆர் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் அலாரம். தரையோடு போகும் நாய், பூனை கீழ்க் கீற்றை மட்டும் தொடுவதால் தப்பிக்கும். இன்னொரு வகையில் பி.ஐ.ஆரோடு மைக்ரோவேவ் ரேடாரும் சேர்ந்திருக்கும். வெப்பமும் நகரவேண்டும், உருவமும் நகரவேண்டும். சித்திரை வெயிலில் சுடும் திரைத்துணி ஆடினாலும், மழையில் இலை ஆடினாலும் இரண்டில் ஒன்று "இல்லை" என்று சொல்லிவிடும்.

நாய் வளர்க்கும் வீட்டுக்கும் தெருநாய் நுழையும் வீட்டுக்கும் முதல் வகை. மரம் செடி நிறைந்த வீட்டுக்கு இரண்டாவது வகை. பக்கத்தில் தகரக் கொட்டகை இருந்தால் இரண்டாவது வகையை யோசித்து வாங்குங்கள். மைக்ரோவேவ் அலை ஆஸ்பெஸ்டாஸ், பிளாஸ்டிக், மெல்லிய சுவர் ஆகியவற்றைத் தாண்டிப் போகும்; தகரத்தில் பட்டுத் திரும்பும். காற்றில் தகரம் அதிர்ந்தால் அதுவும் அசைவாகப் பதிவாகும்.

வாங்குமுன் டி.வி.ஆரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் சின்ன ஸ்க்ரூ முனைகள் வரிசையாக இருந்து 1, 2, 3, 4, ஜி என்று எழுதியிருந்தால் அலாரம் உள்ளீடு உண்டு. விலை குறைந்த நாலு சேனல் டி.வி.ஆர்களில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் சென்சாரை வாங்கி வைத்துப் பயனில்லை. வாலில் அலாரம் வயர்கள் இருக்கும் ஐ.பி கேமரா (நெட்வொர்க் கேபிளில் இணையும் கேமரா), அல்லது உள்ளேயே பி.ஐ.ஆர் உள்ள கேமரா என்று வேறு வழிக்குப் போகவேண்டும். கோஆக்சியல் கேபிள் வழியாகவே பி.ஐ.ஆர் அலாரத்தை அனுப்பும் அனலாக் கேமராக்களும் உண்டு. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் டி.வி.ஆர் வேண்டும். இரண்டின் மாடல் எண்களையும் கடைக்காரரிடம் கொடுத்துப் பொருந்துமா என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

இடம் பார்ப்பது

இதில்தான் நேரம் செலவிடவேண்டும். நல்ல சென்சாரைத் தப்பான இடத்தில் மாட்டினால், மலிவான சென்சாரைவிட அதிகமாகத் தொல்லை கொடுக்கும்.

முதலில் கேட். பலர் செய்வது, வீட்டு முகப்பின் நடுவில் மாட்டி கேட்டைப் பார்க்க வைப்பது. நுழைகிற ஆள் சென்சாரை நோக்கி நேராக வருவார். சென்சார் தாமதமாகப் பிடிக்கும். கூடவே, கிரில் கேட் வழியாகத் தெருவும் தெரியும். போகிற வருகிற பைக்கின் சூடான சைலன்சர் எல்லாம் கணக்கில் வரும். இதற்குப் பதிலாகப் பக்கவாட்டுக் காம்பவுண்டு சுவரிலோ போர்டிகோ தூணிலோ மாட்டி, கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருக்கும் பாதையைக் குறுக்காகப் பார்க்க வையுங்கள். ஆள் எந்தப் பக்கம் ஒதுங்கி நடந்தாலும் நாலைந்து கீற்றைக் கடந்துதான் ஆகவேண்டும். தெருவும் பார்வைக்குள் வராது.

முகப்பில் மாட்டுவதைத் தவிர வழியில்லை என்றால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சென்சார் 8 அடி உயரத்தில் இருக்கிறது, 20 அடி தள்ளி 5 அடிச் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சாரிலிருந்து சுவரின் தலையைத் தொட்டுப் போகும் கோடு, 20 அடியில் 3 அடி இறங்குகிறது. தரையைத் தொட 8 அடி இறங்கவேண்டும். ஆக அது தரையைத் தொடும் இடம் 53 அடியில், அதாவது சுவருக்கு வெளியே 33 அடி தள்ளி. இடையில் தெருவில் நடப்பவரின் தலையெல்லாம் அந்தக் கோட்டுக்குள் வரும். தீர்வு எளிது. லென்ஸின் மேல் வரிசைக் கட்டங்கள்தான் தூரத்தைப் பார்ப்பவை. மூடியைக் கழற்றி, லென்ஸின் உள்பக்கம் அந்த மேல் வரிசையில் அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும். சாதாரண செலோடேப்பை நம்பாதீர்கள். கண்ணுக்கு மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் வெப்பக் கதிர் ஓரளவு அதைத் தாண்டிப் போகலாம். மூடி திறந்திருக்கும்போது உள்ளே இருக்கும் வட்டமான உலோகச் சில்லின் கருப்பு ஜன்னலை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்டாலே உணர்திறன் குறையும்.

அடுத்து சந்து. திருடர் பின்பக்கம் போகும் வழி பெரும்பாலும் இதுதான். 4 அடிச் சந்தின் கோடியில் 90 டிகிரி சென்சாரை வைத்தால், வருகிறவர் நேராக அதை நோக்கித்தான் நடக்க முடியும். சென்சாருக்கு மிகவும் சிரமமான திசை அது. இங்கே கர்ட்டன் வகை சென்சார் வாங்குங்கள். அதன் பார்வை திரைச்சீலை மாதிரி ஒல்லியாக இருக்கும். சந்தின் தொடக்கத்தில், சன்ஷேடு உயரத்தில் சுவரில் மாட்டி, அந்தத் திரையைச் சந்துக்குக் குறுக்கே இறக்கி விட்டால் அது கண்ணுக்குத் தெரியாத கதவு ஆகிவிடும். சந்தில் ஏ.சி. வெளி யூனிட் இருந்தால் அதன் அனல்காற்று திரையில் அடிக்காத அளவு தள்ளி வையுங்கள். 2 மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

பின்பக்கம், துணிக்கொடியும் தென்னையும் பார்வையில் வராதபடி திருப்புங்கள். ராத்திரி துணியை எடுத்துவிடுவோம் என்று நினைத்து விடாதீர்கள்; என்றைக்காவது ஒரு நாள் மறந்துவிடும்.

உயரம்: சாதாரண வெளிப்புற சென்சாருக்கு 2.2 முதல் 2.7 மீட்டர். மேல் கீழ் இரட்டை பி.ஐ.ஆர் உள்ள சில மாடல்களுக்கு 0.8 முதல் 1.2 மீட்டர் என்று எழுதியிருக்கும். அவற்றில் மேல் கீற்று தரைக்கு இணையாக ஓடவேண்டும் என்பதால், பெட்டியில் சொன்ன உயரத்தையும் மட்டத்தையும் அப்படியே பின்பற்றுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்தால் நாய்க்கும் அலாரம் அடிக்கும். இன்னொன்று: பூனை காம்பவுண்டு சுவரின் மேல் நடந்தால் இரண்டு கீற்றும் அதன் மேல் படும். ஆகவே சுவரின் தலை பார்வைக்குள் வரக்கூடாது.

மேற்குப் பார்த்த சென்சாருக்குள் சாயங்கால வெயில் நேராக விழும். முடிந்தவரை வடக்கு அல்லது தெற்கு பார்க்க வையுங்கள்.

வயரிங்

வேண்டியவை: நாலு கோர் அலாரம் கேபிள் அல்லது சுத்தமான செம்பு லேன் கேபிள், 20 மி.மீ. பி.வி.சி. பைப், மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், சிலிகான் சீலன்ட். மின்சாரத்துக்கு, கேமராக்களுக்கு 12 வோல்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியே போதும். சென்சார் இழுப்பது 20 மில்லி ஆம்பியர் அளவுதான்.

கேபிள் நீளத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். லேன் கேபிளின் ஒரு செம்புக் கம்பிக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 84 ஓம் தடை. 30 மீட்டர் தூரம் என்றால் போக வர 60 மீட்டர், 5 ஓம். 20 மில்லி ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட்தான். இதே கம்பியில் அரை ஆம்பியர் இழுக்கும் கேமராவை ஓட்டினால் 2.5 வோல்ட் போய்விடும். கேமரா இரவு விளக்கு எரியும் நேரத்தில் அணைந்து அணைந்து எழும். ஆகவே சென்சார் கேபிளில் மிச்சமிருக்கும் கம்பிகளில் கேமராவுக்கு மின்சாரம் எடுக்கும் யோசனை வேண்டாம்.

சென்சாரின் மூடியைத் திறந்தால் ஆறு முனைகள் தெரியும்: 12 வோல்ட் பிளஸ், மைனஸ், என்.சி., சி., இரண்டு டி. என்.சி.யும் சி.யும் ரிலே எனும் உள் சுவிட்சின் முனைகள். அமைதியாக இருக்கும்போது இரண்டும் இணைந்திருக்கும், அசைவு வந்தால் பிரியும். டி. இரண்டும் மூடியைத் திறந்தால் பிரியும் சுவிட்ச்.

1. எஸ்.எம்.பி.எஸ்ஸை அணையுங்கள். கேபிளைச் சென்சாரின் கீழ்ப்பக்க ஓட்டை வழியாக நுழைத்து, கம்பி முனைகளில் 6 மி.மீ. மட்டும் உரியுங்கள். அதிகம் உரித்தால் பக்கத்து முனையில் படும்.

2. சிவப்பு பிளஸ்ஸில், கருப்பு மைனஸில். மாற்றி மாட்டினால் சில மாடல்கள் உடனே கெட்டுவிடும்.

3. மூன்றாவது கம்பியை என்.சி.யில் மாட்டுங்கள். சி.யிலிருந்து முதல் டி.க்கு ஒரு துண்டு வயர். இரண்டாவது டி.யில் நாலாவது கம்பி. இப்போது அசைவு வந்தாலும், யாராவது மூடியைத் திறந்தாலும், கேபிளை வெட்டினாலும் ஒரே சுற்று அறுந்து அலாரம் வரும்.

4. டி.வி.ஆர் பக்கம் மூன்றாவது கம்பியை 1 என்ற முனையிலும் நாலாவதை ஜி-யிலும் முறுக்குங்கள்.

5. மின்சாரம் கொடுத்ததும் சென்சாருக்கு ஒரு நிமிடம் விடுங்கள். சூடேறி நிலைப்படும் வரை அது தாறுமாறாகத்தான் காட்டும். பிறகு அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து 11.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

230 வோல்ட் வயர் போகும் பைப்பிலேயே இந்தக் கேபிளை இழுக்காதீர்கள். பக்கத்தில் இணையாகப் போகவேண்டி வந்தால் ஒரு அடி தள்ளி. குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாக. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அலாரம் வருகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இந்தக் கேபிள் நெருக்கம்தான்.

டி.வி.ஆர் செட்டிங்

அலாரம் மெனுவில் உள்ளீடு 1-ஐத் திறந்து, வகையை என்.சி. என்று மாற்றுங்கள். வந்தபடி பெரும்பாலும் என்.ஓ. (சாதாரணமாகப் பிரிந்திருந்து, அசைவு வந்தால் இணையும் வகை) என்று இருக்கும். அப்படியே விட்டால் ஆள் இல்லாதபோது அலாரமும், ஆள் வந்தால் அமைதியுமாகத் தலைகீழாக நடக்கும்.

நேர அட்டவணையை இரவு 10:30 முதல் விடியற்காலை 4:30 வரை வையுங்கள். பால்காரர், பேப்பர் போடுபவர், வாசல் தெளித்துக் கோலம் போட எழுந்திருப்பவர் யார் எத்தனை மணிக்கு என்பதை வீட்டில் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். இந்த ஒரு செட்டிங் சரியாக இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் சென்சாரைத் திட்டமாட்டார்கள். ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் 24 மணி நேரமாக மாற்றிக்கொள்ளலாம்.

பதிவை மட்டும் சென்சாரை நம்பி விடாதீர்கள். கேமரா 24 மணி நேரமும் பதிவு செய்துகொண்டே இருக்கட்டும்; சென்சார் அந்தப் பதிவில் குறி போட்டு, போனைத் தட்டி எழுப்பட்டும். இடம் போதாது என்ற கவலை வேண்டாம். ஒரு 2 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் நாளுக்குச் சுமார் 21.6 ஜி.பி. நாலு கேமராவுக்கு 86 ஜி.பி. 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் பதினோரு நாள் நிற்கும். சென்சார் ஆளைத் தவறவிட்ட இரவிலும் படம் இருக்கும்.

அலாரம் வந்தால் எந்தக் கேமராவின் படம் வரவேண்டும் என்பதை இணைப்பு மெனுவில் தேர்ந்தெடுங்கள். சந்து சென்சாருக்குச் சந்துக் கேமராவும் பின்பக்கக் கேமராவும். அலாரத்துக்கு முந்தைய பதிவு 5 நொடி, பிந்தைய பதிவு 30 நொடி. நடுக்கத் தடுப்பு என்று ஒரு செட்டிங் இருந்தால் 5 நொடி வையுங்கள். ரிலே திறந்து மூடித் திறப்பதை ஒரே அலாரமாக எடுத்துக்கொள்ளும்.

போன் செயலியில் பழைய அசைவு அறிவிப்புகளை எல்லாச் சேனலிலும் அணைத்துவிட்டு, அலாரம் உள்ளீடு அறிவிப்பை மட்டும் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அந்தச் செயலிக்கு பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். நீக்காவிட்டால் இரண்டு மணிக்கு வந்த எச்சரிக்கை, காலையில் நீங்கள் போனைத் திறக்கும்போதுதான் காட்டும். ரவுட்டருக்கும் யூ.பி.எஸ். கொடுங்கள். கரண்ட் போனால் டி.வி.ஆர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை வீட்டைவிட்டு வெளியே போகாது. பல வீடுகளில் மீட்டர் பெட்டியும் மெயினும் வெளிச்சுவரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடந்து பார்ப்பது

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாருக்குள் இருக்கும் எல்.இ.டி. ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) ஆன் செய்து, எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடம் எதுவும் அசையாமல் விடுங்கள். பிறகு கேட்டுக்கு அருகிலிருந்து சாதாரண வேகத்தில் பாதையைக் குறுக்காகக் கடந்து, விளக்கு எரிந்த இடத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். நின்று, விளக்கு அணைந்ததும் இன்னொரு அடி தள்ளி மறுபடி. ஓரமாக ஒட்டி நடந்து பாருங்கள், குனிந்து நடந்து பாருங்கள், மெதுவாக நடந்து பாருங்கள். அரைமணி நேரத்தில் சென்சாரின் பார்வை முழுதும் தரையில் கோடாக வந்துவிடும். கோட்டுக்கும் நீங்கள் காக்க நினைத்த இடத்துக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் சென்சாரைத் திருப்புங்கள். கோடு கேட்டுக்கு வெளியே போனால் லென்ஸில் டேப் ஒட்டுங்கள் அல்லது உணர்திறனைக் குறையுங்கள்.

பகலில் ஒரு முறை செய்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. தரை சூடாக இருக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு முறை செய்யுங்கள். சாயங்காலக் கோடு சுருங்கியும் விடியற்காலைக் கோடு விரிந்தும் இருக்கும். சாயங்காலம் ஆளைப் பிடிக்கவேண்டும், விடியற்காலையில் தெருவைப் பிடிக்கக்கூடாது; இரண்டுக்கும் நடுவில் உணர்திறனை நிறுத்துங்கள். பல்ஸ் கவுன்ட் என்ற ஜம்பர் இருந்தால் வெளியில் 2-இல் வையுங்கள். இரண்டு கீற்றைக் கடந்தால்தான் அலாரம் என்று அர்த்தம். கர்ட்டன் சென்சாருக்கு மட்டும் 1. அதில் கடப்பதற்கு இருப்பதே ஒரு திரைதான்.

முடிந்ததும் எல்.இ.டி.யை அணைத்துவிடுங்கள். எரியும் விளக்கு, சென்சார் எதுவரை பார்க்கிறது என்பதை வெளியாருக்கும் காட்டிக்கொடுக்கும்.

பல்லி

நம் ஊரில் வெளிப்புற சென்சாருக்கு முதல் எதிரி பல்லி. போர்டிகோ விளக்கடியில் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், சென்சாரின் மேல் ஏறும். பல்லிக்கு உடம்புச் சூடு கிடையாது, சுவரின் வெப்பமே அதற்கும். அப்படியிருந்தும் அலாரம் அடிக்கிறதே என்று தோன்றும். லென்ஸின் மேலேயே ஊர்வதால் அதன் விரல் நீள உடம்பு பல கட்டங்களை ஒரே நேரத்தில் மறைக்கிறது. பின்னால் இருக்கும் சூடான தரையின் கதிர் சட்டென்று தடைபட்டு, மறுபடி வருகிறது. சென்சாருக்கு அது ஒரு ஆள் கடந்த மாதிரியேதான். பதிவில் ஒன்றுமே இல்லாமல் இரவில் திரும்பத் திரும்ப அலாரம் வந்தால், டார்ச் அடித்து சென்சாரைப் பாருங்கள்.

விளக்கைச் சென்சாரிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி மாற்றுங்கள். வெள்ளை எல்.இ.டி.க்குப் பதிலாக மஞ்சள் வெளிச்சம் போட்டால் பூச்சி குறையும். சென்சாரைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பிராக்கெட்டில் வெளியே நீட்டி மாட்டினால் பல்லி ஏறுவதும் குறையும். இரட்டை பி.ஐ.ஆர், ரேடார் வகைகளில் இந்தத் தொல்லை ரொம்பவே கம்மி.

எறும்பும் குளவியும் உள்ளே குடியேறும். குளவி மண்ணால் கூடு கட்டி ரிலேயையே மூடிவிடும். கேபிள் நுழையும் ஓட்டையைச் சுற்றிச் சிலிகான் வையுங்கள். சுவரில் உள்ள ஓட்டையையும் அடையுங்கள், எறும்பு பைப்புக்குள் வழியாகத்தான் வரும். உறையின் அடியில் இருக்கும் சின்ன நீர் வடிகால் ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

சென்சார் விளக்கும் கேமராவும் மோதிக்கொள்வது

230 வோல்ட் லைட் சென்சார் ஏற்கெனவே இருந்தால் இதைக் கவனியுங்கள். ஆள் வந்ததும் விளக்கு எரியும்; கேமரா கருப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாறும்; மாறும் அந்த ஒன்றிரண்டு நொடியில் படம் வெளுத்துப் போகும். முகம் தெரியவேண்டிய நொடியே அதுதான். விளக்கு கேமராவின் பார்வைக்குள் இருக்கக்கூடாது, கேமராவுக்குப் பின்னாலோ மேலேயோ இருக்கவேண்டும். லைட் சென்சாரின் டைம் குமிழை 3 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்தால் கேமரா மாறி மாறித் தாவாது. லக்ஸ் குமிழ் நிலாப் படத்தின் பக்கம் இருந்தால் இருட்டில் மட்டும் எரியும், சூரியன் பக்கம் இருந்தால் பகலிலும் எரியும். சோதிக்கும்போது சூரியன், பிறகு நிலா.

பேட்டரி வைஃபை கேமரா வைத்திருப்பவர்களுக்கு

இவற்றில் பி.ஐ.ஆர் உள்ளேயே இருக்கிறது. கேமரா தூங்கிக்கொண்டிருக்கும், பி.ஐ.ஆர் பிடித்ததும் விழித்துப் பதிவைத் தொடங்கும். விழிக்க ஒன்றிரண்டு நொடி ஆகும். கேட்டைக் குறுக்காகத் தாண்டி ஓடினால் முதுகு மட்டும்தான் கிடைக்கும். ஆகவே கேட்டை அல்ல, ஆள் வந்து நின்று ஏதாவது செய்யவேண்டிய இடத்தை, அதாவது கதவுப் பூட்டு, பைக், மோட்டார் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வையுங்கள். அறிவிப்பு இடைவெளி என்ற செட்டிங் மிகக் குறைவாக இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், மிக அதிகமாக இருந்தால் இரண்டாவதாக வரும் ஆள் பதிவாகமாட்டார். 30 நொடியில் தொடங்குங்கள். தெரு பார்வையில் இருந்தால் எந்த பேட்டரியும் தாங்காது.

மழைக்கு முன், மழைக்குப் பின்

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மூடிகளைத் திறந்து ஸ்க்ரூ முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து முறுக்குங்கள். லென்ஸை ஈரத் துணியால் துடைத்தால் போதும், தின்னர் படக்கூடாது. இடி இடிக்கும்போது, வெளியில் நீளமாக ஓடும் எந்தக் கம்பியும் மின்னலின் தாக்கத்தை உள்ளே கொண்டுவரும். எஸ்.எம்.பி.எஸ் உறை எர்த்தோடு இணைந்திருக்கட்டும்.

முதல் பெருமழை அடித்த மறுநாள் சென்சாரின் உள்ளே மறுபடி பாருங்கள். லென்ஸின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கேபிளைச் சென்சாருக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே நுழையுமாறு விடுங்கள். தண்ணீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும்.